பதினோரு சலவை

துணி வாங்கியதும் துவைத்துவிட்டு வெட்டுவதா, கடையிலிருந்து வந்த மொடமொடப்போடு அப்படியே வெட்டுவதா என்பதில் எங்கள் ஒட்டுப்போர்வைச் சங்கத்தில் இரண்டு கட்சி. துவைக்காத கட்சிக்கு ஆர்டிஸ் என்கிற நான் தலைவி. துவைக்கிற கட்சிக்கு வெர்லா. மாதத்தின் முதல் வியாழக்கிழமை, லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில், காபி ஆறும்வரை இருபது வருஷம் இதையே கத்திக்கொண்டிருந்தோம். துவைக்காத துணி சாயம் இறக்கும், சுருங்கும், போர்வையையே கெடுக்கும் என்பாள் அவள். துவைத்த துணி செத்த துணி, வெட்டும்போது கையில் நிற்காது என்பேன் நான். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. பிறகு அவள் என் புருஷனைக் கொண்டுபோனாள்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வெண்டல் தன் துப்பாக்கி அலமாரியையும் மூன்று பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாலு தெரு தள்ளி இருக்கும் வெர்லா வீட்டுக்குப் போனான். முப்பத்தோரு வருஷக் கல்யாணம் அரை மணி நேரத்தில் வண்டி ஏறிவிட்டது. அடுத்த நாள் போதகர் நார்டின் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெண்டல் பைபிள் மேல் கை வைத்தான். "இந்த வாசலைத் தாண்டிப் போற வரைக்கும் எனக்கும் வெர்லாவுக்கும் ஒண்ணுமில்லை. போகணும்னு முடிவு பண்ணின பிறகுதான் அவகிட்டயே கேட்டேன்" என்றான். நம்பினேன். சர்ச்சிலும் சங்கத்திலும் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று போதகர் கேட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக் கோப்பையோடு நின்றபோது, பெரிய மனுஷி மாதிரி எழுந்து, "அவங்க ரெண்டு பேரும் தப்பு எதுவும் பண்ணலை. முறையா முடிச்சிட்டுத்தான் போனான். யாரும் தப்பாப் பேசாதீங்க" என்று நானே சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் கொழுப்பு.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவர்கள் தப்புப் பண்ணவில்லை என்றால் தப்பு யாருடையது? ஒரே வாரத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆர்டிஸின் நாக்குத்தான் அந்த நல்ல மனுஷனை வீட்டை விட்டு விரட்டியது. தபால் நிலையத்தில் ஒருத்தி என் கையைத் தட்டிக்கொடுத்து, "இனிமேலாவது கொஞ்சம் மெதுவா பேசப் பழகிக்கோ ஆர்டிஸ்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியாது. சொன்ன சொல் என்னுடையது, கொடுத்த வாக்கும் என்னுடையது. வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் புருஷனை விரட்டியவள் என்ற பெயரோடு நான் கடைக்குப் போய் வர வேண்டும்.

செய்வதற்கு எனக்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை சங்கத்தின் கண்காட்சி. அதில் ஒரே துணியில் கலைடாஸ்கோப் போர்வை தைத்துத் தொங்கவிடுகிறேன் என்று ஜனவரியிலேயே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான், எங்கள் எல்டர் ஃபோர்க் ஊரில் இருந்த ஒரே துணிக்கடை கதவைச் சாத்திய வாரம், கடைசித் தானில் மிச்சமிருந்த நாலே கால் கெஜத்தையும் வாங்கினேன். கருநீலத்தில் தட்டு அகலத்துக்கு ஆரஞ்சு டாலியாப் பூக்கள், நடுவே ஒரு மஞ்சள் குருவி. இப்போது அந்தத் துணியை யாரும் அச்சடிப்பதில்லை.

அந்தத் துணியில் அதே பூவும் அதே குருவியும் இருபத்து நாலு அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அப்படி ஆறு முறை வருவதை ஆறு துண்டாக வெட்ட வேண்டும். குருவியின் கண்ணுக்கு நேராகக் கண் வரும்படி ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண் வழியாக ஊசி இறக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டை பட்டையாக, பிறகு முக்கோணமாக வெட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் அச்சு மாறாத ஆறு முக்கோணங்கள் கையில் வரும். ஆறையும் மூக்கோடு மூக்கு சேர்த்தால், அந்தத் துணியில் எங்குமே இல்லாத ஒரு பூ பிறக்கும். எந்த மூக்கை உள்ளே வைக்கிறோமோ அதைப் பொறுத்து அதே ஆறில் மூன்று விதப் பூ. ஐந்து துண்டு இருந்தால் ஒன்றும் பிறக்காது. ஆறு வேண்டும்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அலமாரியைத் திறந்து துணியை மேஜைமேல் விரித்தேன். மூன்றரை கெஜம்தான் இருந்தது. ஒரு ஓரம் கோணல்மாணலாக வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கோணலை எனக்குத் தெரியும். கேக்கையும் அவன் அப்படித்தான் வெட்டுவான். துணிக்கு மட்டும் என்று நான் தனியாக வைத்திருந்த கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறான், பாவி. துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்து, தனியாக நின்று அரை மணி நேரம் திட்டினேன். ஐந்து துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அடுத்த திங்கட்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, வெர்லாவின் தெரு வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வேறு வழி இருந்தது, அந்த வழியாகத்தான் வந்தேன், ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை படுக்கை விரிப்புகள் துவைக்கிற நாள் அவளுக்கு. ஊருக்கே தெரியும். கொல்லையில் கட்டிய கொடியில் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே ஆறாவது துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தலையணை உறையாக.

வண்டியை நிறுத்தி, புல்தரையில் நேராக நடந்து, கொடிக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். அவள் வாயில் கிளிப்போடு அந்தப் பக்கம் நின்றாள்.

"என்ன ஆர்டிஸ், வழி தவறிட்டியா?"

"அந்த உறை என்னோடது."

"உறை நான் தச்சது."

"துணி என்னோடது. கடைசித் தான்ல வாங்கினது. இந்தக் கவுண்டியிலேயே வேற யார்கிட்டயும் கிடையாது."

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "ஓ, அதுவா? ஆகஸ்ட் மூணாம் தேதி வெண்டல் சாமான் கொண்டுவந்தான்ல, அந்தப் பெட்டிக்குள்ள சுருண்டு கிடந்துச்சு. ஏதோ மிச்சம் மீதின்னு நெனச்சேன். ஒரு உறைக்குச் சரியா இருந்துச்சு, தச்சேன்."

"என் கத்தரிக்கோலால வெட்டியிருக்கான்."

"அதை அவன்கிட்ட போய்க் கேளு. என்னை ஏன் கேக்கறே? போதகர் பேசக்கூடாதுன்னு சொன்னாரே, மறந்துபோச்சா?"

"துணியைப் பத்திப் பேசக்கூடாதுன்னு அவர் சொல்லலை."

சிரித்தாள். உறையைக் கொடியிலிருந்து உருவி, ஈரத்தோடு என் தோளில் போட்டாள். "எடுத்துட்டுப் போம்மா தாயே. உன் வீட்டுப் பழசு எனக்கு ஒண்ணு போதும்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. "அந்தப் பழசும் சீக்கிரம் சாயம் போயிடும், பாத்துக்கோ" என்றேன்.

வெண்டலைப் பற்றியதாக அவள் அதை எடுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இருபது வருஷப் பழக்கம் விடுமா? சாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் சங்கக் கூட்டத்து முகமாக மாறிவிட்டது.

"என் கையில எந்தத் துணியும் சாயம் போகாதுடீ! இதைத் தொட்டுப் பாரு. பதினோரு தடவை துவைச்சிருக்கேன், கொதிக்கிற தண்ணியில! பக்கத்துல போட்ட வெள்ளை விரிப்புல ஒரு பொட்டு நீலம் இருக்கா, காட்டு பாப்போம்! துவைக்காம வெட்டற ஜாதிக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

"பதினோரு தடவையா? சும்மா அளக்காதே."

"அளக்கறேனா? திங்களுக்குத் திங்கள், ஒரு வாரம் தவறலை. ஒவ்வொரு சலவைக்கும் புள்ளி வச்சிருக்கேன். செப்டம்பர் கூட்டத்துல உன் மூஞ்சி முன்னாடியே காட்டணும்னுதான் எண்ணிட்டு வர்றேன். வா உள்ளே, வந்து பாரு!"

தவளை தன் வாயால் கெடும். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்கட்டில் சலவை இயந்திரத்துக்கு மேல், விதை கம்பெனி கொடுத்த ஒற்றைத் தாள் காலண்டர் மாட்டியிருந்தது. பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில். திங்கட்கிழமைகளில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. அவள் விரல் வைத்துக் காட்டியது கடைசிப் புள்ளியை. நான் பார்த்தது முதல் புள்ளியை. ஜூன் பதினாறு.

அவன் என் வீட்டை விட்டுப் போன பிறகு வந்தது நாலே நாலு திங்கட்கிழமை. ஜூனிலும் ஜூலையிலும் வெள்ளிக்கிழமையானால் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறேன், ராத் தங்கித்தான் வருவேன் என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போவான். அந்தக் கோடை முழுக்க ஒரு மீன் கூட வீட்டுக்கு வந்ததில்லை. "இந்த வருஷம் மீனே இல்லை ஆர்டிஸ்" என்பான். நான் அவனுக்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்து அனுப்புவேன், அதில் அவனுக்குப் பிடிக்கும் என்று ஊறுகாய் வேறு.

"இப்ப நம்பறியா?" என்றாள் வெர்லா.

"நம்பறேன்" என்றேன்.

அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து, காரிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு உள்ளே போய் உறையின் தையலைப் பிரித்தேன். இஸ்திரி போட்டு அளந்தால் பூவிலிருந்து பூவுக்கு இருபத்து மூன்றே கால் அங்குலம். முக்கால் அங்குலம் சுருங்கியிருந்தது. என் ஐந்தின் பக்கத்தில் வைத்தபோது கருநீலம் சாம்பல் தட்டியிருந்தது, ஆரஞ்சு வெளுத்து மாம்பழத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. சாயம் இறங்கவில்லையாம்! இறங்காமல் வேறு எங்கே போனது?

போதகரிடம் போகலாமா என்று யோசித்தேன். போனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். காலண்டர் தாளைக் கிழித்து எரிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். பிறகு வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் ஆர்டிஸ் என்பார்கள். வாக்குத் தவறினவள் என்ற பெயரும் சேரும்.

பக்கத்து வீட்டு மார்வாவும் எங்கள் சங்கம்தான். ஒரு துண்டு மட்டும் பதினோரு சலவை கண்டது என்றேன், விஷயம் தெரியாமல் வழி சொன்னாள். "ஐஞ்சையும் சேத்துப் பதினோரு தடவை வெந்நீர்ல போட்டு எடு ஆர்டிஸ். எல்லாம் ஒரே மாதிரி சுருங்கும், ஒரே மாதிரி வெளுக்கும். யாருக்கும் தெரியாது."

நல்ல யோசனைதான். ஐந்து துண்டையும் இயந்திரத்தில் போட்டு மூடியையும் மூடிவிட்டேன். விசையைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது. யாருக்கும் தெரியாது என்று மார்வா சொன்னாளே, அதுதான் என் நெஞ்சில் குத்தியது. அவர்கள் செய்ததற்கு என் துணி ஏன் வெந்நீரில் வேக வேண்டும்? மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருப்பது வேறென்ன? மூடியைத் திறந்து ஐந்தையும் வெளியே எடுத்தேன்.

ஐந்தை மொடமொடப்போடு அடுக்கி வெட்டினேன். ஆறாவதைத் தனியாக, பட்டை பட்டையாக, முடிந்தவரை பூவுக்குப் பூ பொருத்தி வெட்டினேன். வெண்டலின் துப்பாக்கி அலமாரி நின்ற சுவர் காலியாகத்தானே கிடந்தது, அங்கே துணி தானே ஒட்டிக்கொள்ளும் ஃபிளானல் விரிப்பை அடித்து, முக்கோணங்களை அதன்மேல் ஒட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டுப் பூ. ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ் பளிச்சென்று இருக்க, ஆறாவது வெளுத்து, கோடு சேராமல், கொஞ்சம் விலகி நின்றது. அந்த இதழ் பூவுக்குப் பூ வேறு வேறு திசையில் வரும்படி திருப்பி வைத்தேன். எங்கே நின்று பார்த்தாலும் அது கண்ணில் பட வேண்டும். ஏழு வாரம், ராப்பகல் பார்க்காமல் தைத்தேன். சமைக்கவும் இல்லை, சர்ச்சுக்குப் போகவும் இல்லை. நாக்கை அடக்கிக்கொண்டாளே, திருந்திவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டதாம்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. போர்வையின் பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துணிச்சீட்டு தைக்க வேண்டும். தைத்தவள் பெயர், துணி எங்கிருந்து வந்தது, எல்லாம் அதில் எழுத வேண்டும். அழியாத மையில் எழுதினேன். சீட்டை ஒருமுறை தைத்தால் போதும். நான் மூன்று முறை சுற்றித் தைத்தேன்.

கண்காட்சியில் வருகிறவர்கள் போர்வையைத் தொடக்கூடாது. வரிசைக்கு ஒருத்தி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நிற்பாள். பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அவள்தான் மூலையைத் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும், கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குச் சீட்டைப் படித்தும் சொல்ல வேண்டும். மாற்று ஆள் வரும்வரை வரிசையை விட்டு நகரக்கூடாது. யார் எப்போது எங்கே நிற்பது என்று ஏப்ரலிலேயே எழுதிவிடுவோம். மூன்றாம் வரிசை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, வெர்லா. எந்தப் போர்வை எந்த வரிசையில் தொங்குவது என்பதைத் தீர்மானிக்கிற வேலை பத்து வருஷமாக என்னுடையது.

சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் நெரிந்தது. அறுவடை முடிந்த வாரம், நாலு ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். பத்தேகால் இருக்கும். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி என் போர்வைக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நான் எதிர் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, ஒவ்வொரு பூவுலயும் ஒரு இதழ் மட்டும் வெளுத்திருக்கே, ஏன்?"

"துவைக்காம தைச்சா இப்படித்தான் ஆகும்" என்றாள் வெர்லா, எனக்குக் கேட்கும்படி. "இருங்க, பின்னாடி என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்." கையுறைக் கையால் மூலையைத் தூக்கி, நல்ல கணீர்க் குரலில் படித்தாள்.

"'தைத்தவர்: ஆர்டிஸ் ஹோல்வர்சன். துணி: எல்டர் ஃபோர்க் கடையின் கடைசித் தான். ஐந்து துண்டு என் அலமாரியில் இருந்தது. ஆறாவது துண்டு வெர்லா கிராபின் வீட்டில் என் கணவர் வெண்டலின் தலையணைக்கு உறையாக இருந்தது. ஜூன் பதினாறு முதல் ஆகஸ்ட் இருபத்தைந்து வரை...'"

அங்கே குரல் நின்றது. பக்கத்து ஊர்க்காரி குனிந்து, மீதியைத் தானே சத்தமாகப் படித்தாள். "'...பதினோரு திங்கட்கிழமைகள் வெந்நீரில் துவைக்கப்பட்டது. எண்ணியவர்: வெர்லா. என் கணவர் என் வீட்டை விட்டுப் போனது ஆகஸ்ட் மூன்று.'" படித்துவிட்டு நிமிர்ந்து, "யாருங்க அந்த வெர்லா?" என்று கேட்டாள்.

வெர்லாவின் சட்டையில் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். "அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டு, தன் ஊர்க்காரிகளைக் கூட்டிவரப் போனாள்.

வெர்லா கையுறையோடு என்னிடம் வந்தாள். "பேச மாட்டேன்னு போதகர் முன்னாடி வாக்குக் கொடுத்தியேடீ!"

"பேசலையே. நீதானே படிச்சே?"

"இதுக்காகவா ரெண்டு மாசம் உக்காந்து தச்சே?"

"ஆமா. உன் வரிசைக்குப் போ. ஆள் நிக்கறாங்க."

நின்றார்கள். பன்னிரண்டு மணிவரை நின்றார்கள். ஒரே கேள்வி, ஏன் ஒரு இதழ் மட்டும் வெளுத்திருக்கிறது? அவள் ஒவ்வொருத்தருக்கும் மூலையைத் தூக்கிப் பிடித்தாள். தபால் நிலையத்தில் என் கையைத் தட்டிக்கொடுத்தவள் இரண்டு முறை வந்து படித்தாள். போதகர் நார்டின் ஒருமுறை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். இதைப் பார்க்க எனக்கு இனிக்கும் என்று நினைத்திருந்தேன். இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பதினோரு மணிக்கு மேல் கசக்கவும் ஆரம்பித்தது. சாண்ட்விச்சில் ஊறுகாய் வைத்துக் கொடுத்தவள் இதோ இவள்தான் என்று ஊர் முழுக்க அறிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெண்டல் வந்தான், அவளைச் சாப்பிடக் கூட்டிப்போக. கையில் ஒரு காகிதத் தட்டில் எலுமிச்சை இனிப்புத் துண்டு இரண்டு. கூட்டம் விலகி வழிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, போர்வையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"நல்லா வந்திருக்கு ஆர்டிஸ்" என்றான். "புதுத் துணியா? இந்தப் பூவை இதுக்கு முன்னாடி எங்கயும் பாத்ததில்லையே."

என் கத்தரிக்கோலால் அவனே வெட்டிய துணி. பதினோரு வாரம் அவன் கன்னம் வைத்துத் தூங்கிய துணி. நான் வெர்லாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெறுப்பு மாறவில்லை, ஆனால் இப்போது அது என்மேல் இல்லை.

"தட்டைக் கீழ வை வெண்டல்" என்றாள். "கண்ணாடியைப் போட்டுக்கோ."

"ஏன், என்ன?"

"போட்டுக்கோன்னு சொன்னேன்ல."

போட்டுக்கொண்டான். அவள் இரண்டு கையாலும் மூலையைத் தூக்கி, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

அவன் என் பெயரிலிருந்து ஆரம்பித்தான்.